எச்சரிக்கை: “ஒரே தடவை பணம், ஆயுசுக்கும் எல்லா சேனலும்” என்று சொல்லி 4,600 ரூபாயை அடித்துவிட்டார்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். 4,600 ரூபாய். வீட்டுக்கே வந்து, அம்மா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, அப்பா கையிலேயே ரிமோட்டைக் கொடுத்து, கண்ணெதிரே படத்தை ஓட்டிக் காட்டி வாங்கிக்கொண்டு போன 4,600 ரூபாய். ஊரில் இருக்கும் பெற்றோருக்கு மாதச் சந்தா இல்லாமல் டிவி ஏற்பாடு செய்யலாம் என்று நினைக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் படியுங்கள்.

புதுக்கோட்டை பக்கம் எங்கள் கிராமத்தில் கேபிள்காரர் லைனை எடுத்துவிட்டார். அப்பாவுக்குக் காலையில் செய்தி, அம்மாவுக்கு ராத்திரி சீரியல், இதற்கு மேல் இருவரும் எதுவும் கேட்பதில்லை. வாங்கல் விற்றலுக்கென்று இருக்கும் ஒரு மொபைல் ஆப்பில் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது. டிடி ஃப்ரீ டிஷ் செட், எம்பெக்-4 (படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை) பெட்டி, மாத வாடகை இல்லை, எல்லாத் தமிழ்ச் சேனலும் வரும், வீட்டுக்கு வந்து மாட்டித் தருவோம். டிஷ், எல்என்பி (டிஷ்ஷின் முன்னால் நின்று சிக்னலை வாங்கும் சின்னக் கருவி), பெட்டி, கேபிள் எல்லாம் சேர்த்து 2,900. “ஆயுள் ஆக்டிவேஷன்” 1,700. மொத்தம் 4,600.

டிடி ஃப்ரீ டிஷ் உண்மையான சேவை. அதனால்தான் இந்த ஆட்களுக்கு அதன் பெயர் தேவைப்படுகிறது. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதியே நடத்துவது. 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் 33 சேனலோடு தொடங்கினார்கள். மாதக் கட்டணம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சாமான்களை ஒரு தடவை வாங்கி மாட்டினால் வேலை முடிந்தது. ஆனால் அதில் வருவது இலவசச் சேனல்கள் மட்டும்தான். தூர்தர்ஷன் சேனல்கள் உண்டு, ஏலத்தில் இடம் எடுத்த தனியார் சேனல்கள் உண்டு. சந்தா கட்டிப் பார்க்கிற தமிழ்ச் சேனல்களை அதில் யாராலும் “ஆக்டிவேட்” பண்ணித் தர முடியாது. 1,700 ரூபாய் என்பது இல்லாத ஒன்றுக்கு வாங்கிய காசு.

வந்தது இரண்டு பேர். ஒரு பையன் மொட்டை மாடிக்குப் போனான். பெரியவர் கீழே அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். நல்ல பேச்சு. “ஐயா, எங்கப்பாவுக்கும் இதே செட்டுதான் போட்டுக் கொடுத்திருக்கேன். நீங்க காசு குடுக்க வேணாம், முதல்ல பாருங்க.” அம்மா காபி போடப் போனதற்கு, “தண்ணி மட்டும் போதும்மா, இன்னும் ரெண்டு வீடு இருக்கு” என்றார். டிவி திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். சிக்னல் 90. “பாருங்க சார், உங்க ஊர்ல சிக்னல் பிச்சு உதறுது” என்றார். அதற்குக் கீழே இன்னொரு கோடு இருந்தது. அவர் மறைத்துக்கொண்டு நின்றதால் அதை யாரும் பார்க்க முடியவில்லை. அந்தக் கோட்டைப் பற்றிப் பிறகு சொல்கிறேன், முழு மோசடியும் அங்கேதான் இருக்கிறது.

அப்புறம் ரிமோட்டை அப்பாவின் கையில் கொடுத்தார். “நீங்களே மாத்திப் பாருங்கய்யா.” அப்பா ஒவ்வொரு எண்ணாக அழுத்தினார். செய்தி வந்தது. சீரியல் வந்தது. பழைய பாட்டுச் சேனல் வந்தது. அம்மா சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். இதைவிட வேறென்ன சோதனை செய்ய முடியும்? விற்கிறவன் ஓட்டிக் காட்டவில்லை, வாங்குகிறவர் தானே அழுத்திப் பார்க்கிறார். கியூஆர் அட்டையை நீட்டினார், 4,600 அனுப்பினேன். பணம் போன திரையில் கடைப் பெயருக்குப் பதிலாக ஏதோ ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. “எங்க அக்கவுண்டன்ட் சார்” என்றார். பில் கேட்டதற்கு வாட்ஸ்அப்பில் அனுப்புவதாகச் சொன்னார். இன்றுவரை வரவில்லை.

அவர்கள் வண்டி தெருமுனை திரும்பியிருக்கும், திரை கறுத்துவிட்டது. எந்த எண்ணை அழுத்தினாலும் சிக்னல் இல்லை என்றே வந்தது.

இதற்கப்புறம் கேட்ட பதில்கள்தான் 4,600 ரூபாயைவிட அதிகமாக வயிற்றெரிச்சலைக் கிளப்புகின்றன. முதலில் போன் செய்தபோது, “மழை மேகம் சார், சரியாயிடும்” என்றார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. அடுத்து, சாட்டிலைட்டில் பராமரிப்பு வேலை நடக்கிறதாம். அதற்கடுத்து, பெட்டிக்கு சாஃப்ட்வேர் ஏற்ற வேண்டுமாம், 350 ரூபாய் அனுப்பினால் இருந்த இடத்திலிருந்தே பண்ணித் தருவாராம். நான் குரலை உயர்த்தியதும் பேச்சு மாறியது. “சர்வர் சந்தா வருஷத்துக்கு ஆயிரத்தி எண்ணூறு சார், அது தனி, விளம்பரத்துலேயே போட்டிருக்கே.” விளம்பரத்தில் அப்படி ஒரு வரியே இல்லை, படம் எடுத்து வைத்திருக்கிறேன். அப்பா ஒரு தடவை பேசினார். வாழ்நாள் முழுக்க யாரிடமும் கடுமையாகப் பேசாத மனிதர், “தம்பி, வயசானவங்கப்பா நாங்க, வந்து பார்த்துட்டுப் போ” என்றார். “நாளைக்குக் காலையில வர்றேன்யா” என்று பதில் வந்தது. அதோடு எங்கள் இருவரின் எண்ணையும் பிளாக் செய்துவிட்டார்கள்.

அந்த ஆப்பில் புகார் கொடுத்தேன். வாங்குபவரையும் விற்பவரையும் சேர்த்துவைப்பது மட்டும்தான் எங்கள் வேலை, பரிவர்த்தனைக்கு நாங்கள் பொறுப்பில்லை என்று அச்சடித்த மாதிரி ஒரு பதில். விற்பவரின் முகவரி கேட்டேன், தனியுரிமை என்றார்கள். என் 4,600 ரூபாய்க்கு இல்லாத பாதுகாப்பு அந்த ஏமாற்றுக்காரனின் முகவரிக்கு இருக்கிறது.

கடைசியில் பக்கத்து ஊர் டிவி மெக்கானிக் அண்ணனைக் கூப்பிட்டோம். மாடிக்குப் போனவர் ஒரு நிமிஷத்தில் எட்டிப் பார்த்துச் சத்தம் போட்டார்: “இது மேற்கப் பார்த்து நிக்குதே!” டிடி ஃப்ரீ டிஷ் வருவது ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. அது 93.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் நிற்கிறது. தமிழ்நாடு இருப்பது சுமார் 76-க்கும் 80-க்கும் இடையில். ஆக, நமக்கு அது தென்கிழக்கில், வானில் நல்ல உயரத்தில் இருக்கும். எங்கள் டிஷ்ஷோ தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு மேற்கே திரும்பி நின்றது. அந்தப் பையன் திசை பார்க்கவே இல்லை. கைப்பிடிச் சுவரில் எங்கே ஓட்டை போடச் சுலபமோ அங்கே இரண்டே போல்ட்டில் மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறான்.

அப்படியானால் 90 எப்படி வந்தது? பெட்டியின் மெனுவில் இரண்டு கோடுகள் இருக்கும். ஒன்று ஸ்ட்ரெங்த், இன்னொன்று குவாலிட்டி. எல்என்பிக்கு கேபிள் வழியே மின்சாரம் போனாலே முதல் கோடு ஏறிவிடும். டிஷ் சுவரைப் பார்த்தாலும் ஏறும். வெறும் இரைச்சலின் அளவைக்கூட அது பலமான சிக்னலாகக் காட்டும். சரியான செயற்கைக்கோளைப் பிடித்து, படம் பிரித்தெடுக்கும்படி சிக்னல் வந்தால்தான் குவாலிட்டி கோடு எழும். எங்கள் வீட்டில் அது 0. அண்ணன் டிஷ்ஷைக் கழற்றி மாடியின் தென்கிழக்கு மூலையில் நான்கு போல்ட்டில் மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினார். நான் கீழே திரையைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தேன். 0, 0, 0, திடீரென்று 31. விரற்கடை அளவு மேலே தூக்கினார், 58. எல்என்பியை அதன் பிடியிலேயே லேசாகத் திருகினார், 74. டிடி தமிழ் பளிச்சென்று வந்தது. ஸ்ட்ரெங்த் கோடு மட்டும் இவ்வளவு நேரமும் 90-இலேயே அசையாமல் இருந்தது.

டிஷ் மேற்கே பார்த்திருக்க, அன்றைக்கு அப்பா பார்த்த சீரியல் எங்கிருந்து வந்தது என்று அதன் பிறகுதான் புரிந்தது. பெட்டியின் பின்னால் நகத்தளவு ஒரு வைஃபை குச்சி செருகியிருக்கிறது. கேட்டபோது ரிமோட் சென்சார் என்று சொல்லியிருந்தார்கள். மெனுவில் நெட்வொர்க் பக்கத்தைத் திறந்தால், சேமித்து வைத்த இணைப்பாக ஒரு மொபைல் போனின் ஹாட்ஸ்பாட் பெயர் இருக்கிறது. எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லாத போன். அவருடைய சட்டைப்பையில் இருந்த போனின் நெட்டில், திருட்டு சர்வரிலிருந்து படம் ஓடியிருக்கிறது. வண்டி நகர்ந்ததும் நெட் போனது, படமும் போனது. வயதான மனிதரின் கையில் ரிமோட்டைக் கொடுத்து, அவர் சந்தோஷப்படுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே செய்த வேலை இது. இதை நினைக்க நினைக்க ஆத்திரம் தாங்கவில்லை.

சாமானையும் அண்ணன் பார்த்தார். கேபிளின் உள்கம்பியில் காந்தத்தை வைத்தார், ஒட்டிக்கொண்டது. செம்பு என்றால் ஒட்டாது, இது செம்புப் பூச்சு போட்ட இரும்பு. மாடியில் கேபிளை நடுவில் வெட்டி முறுக்கி வெறும் டேப் சுற்றியிருக்கிறார்கள், முதல் மழைக்கே தண்ணீர் இறங்கிவிடும். எல்லாம் சேர்த்து இரண்டாயிரத்துக்கு மேல் ஒரு பைசா பெறாது என்றார்.

நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்தாயிற்று. பணம் யுபிஐயில் போனதால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கும் சொல்லியிருக்கிறேன். ஐந்து லட்சத்துக்குள் உள்ள வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் இல்லை என்பதால் அங்கும் போகப் போகிறேன். ஆனால் இன்று காலையும் அந்த ஆப்பில் அதே படத்தோடு, வேறு பெயரில் விளம்பரம் ஓடுகிறது. அடுத்த வீட்டில் யாராவது 4,600 ரூபாயை எடுத்து வைத்துக் காத்திருப்பார்கள். அதனால்தான் இந்த அவசரம்.

என்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது அந்த மனநிலை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஆக்டிவேஷன் என்று யார் காசு கேட்டாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். குவாலிட்டி கோட்டை நீங்களே திரைக்கு முன்னால் நின்று பாருங்கள், 0 என்றால் டிஷ் எதையும் பிடிக்கவில்லை. மாட்ட வந்தவரின் போனில் நெட்டை அணைக்கச் சொல்லி, பெட்டியின் பின்னால் செருகியிருப்பதைப் பிடுங்கிவிட்டு, பெட்டியை ஒருமுறை அணைத்துப் போட்டு அப்புறம் சேனல் பாருங்கள். அச்சடித்த பில் கைக்கு வராமல் பணம் அனுப்பாதீர்கள். ஊர்ப்பக்கம் பெற்றோர் தனியாக இருந்தால், இதை இன்றைக்கே போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.