சண்டிகரா, அகமதாபாதா? கேமராவோடு போகிறவர்களுக்கு

நவீனக் கட்டடங்களைப் படமெடுக்க இந்தியாவில் ஒரே ஓர் ஊருக்குத்தான் போக முடியும் என்றால், பலரும் யோசிக்காமல் சண்டிகர் என்பார்கள். கட்டடக் கலைஞர் லெ கொர்பூசியே வகுத்த நகரம், அங்கே தலைமைச் செயலகமும் சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் நிற்கும் கேபிடல் வளாகத்துக்கு 2016-இல் யுனெஸ்கோ அங்கீகாரம் வேறு. எனக்கு அகமதாபாத். ஆனாலும் சண்டிகரை லேசில் ஒதுக்கிவிட முடியாது.

சண்டிகரின் பலம் வெட்டவெளி. தலைமைச் செயலகம் மட்டும் 254 மீட்டர் நீளம். அதை முழுசாக ஒரே ஃபிரேமில் அடக்கப் பின்னால் போய்க்கொண்டே இருக்கலாம், யாரும் குறுக்கே வரமாட்டார்கள். இப்படி ஒரு வசதி நம் நகரங்களில் எங்கே கிடைக்கிறது? சட்டமன்றமும் உயர்நீதிமன்றமும் எதிரெதிரே நிற்கின்றன. அதனால் காலை வெளிச்சம் சட்டமன்ற முகப்புக்கு, சாயங்கால வெளிச்சம் நீதிமன்றத்தின் பச்சை, மஞ்சள், சிவப்புத் தூண்களுக்கு. இரண்டும் வேண்டுமென்றால் ஒரே நாளில் முடித்துவிட நினைக்காதீர்கள். வளாகத்துக்குள் வழிகாட்டியோடு குழுவாகத்தான் போக வேண்டும், அடையாள அட்டை கட்டாயம். குழு நகர்ந்தால் நீங்களும் நகர வேண்டும். ட்ரைபாடை விரித்து நிதானமாக டில்ட்-ஷிஃப்ட் லென்ஸை (கட்டடக் கோடுகள் சாயாமல் நேராக்க உதவுவது) திருகும் ஆசை இருந்தால் மறந்துவிடுங்கள். ட்ரோனுக்குப் பேச்சே இல்லை. வளாகத்தில் நிற்கும் ‘திறந்த கை’ என்ற பெரிய உலோகச் சின்னம் காற்றடிக்கும் பக்கம் திரும்பும் என்பதால், நாம் நினைத்த கோணம் கிடைக்க அதன் தயவும் வேண்டும்.

பெரிய சங்கடம் வேறு. எல்லோரும் ஒரே பாதையில் நடந்து, ஒரே இடத்தில் நின்று எடுப்பதால், எல்லோர் படமும் ஒரே மாதிரி இருக்கிறது. கொஞ்சம் மூச்சுவிட வேண்டுமென்றால் பஞ்சாப் பல்கலைக்கழகத்துக்குப் போங்கள். கொர்பூசியேயின் உறவினரும் கூட்டாளியுமான பியர் ஜானெரே வடிவமைத்த காந்தி பவன் அங்கே தண்ணீருக்கு நடுவில் நிற்கிறது. காற்று ஓய்ந்திருக்கும் காலையில் பிம்பம் கலையாமல் விழும்.

அகமதாபாத் இதற்கு நேர்மாறு. கட்டடங்கள் ஊரெங்கும் சிதறிக் கிடக்கின்றன, நடுவில் போக்குவரத்து நெரிசல், ஒவ்வொரு வாசலிலும் தனித்தனி அனுமதி. ஆனால் ஒரே கொர்பூசியேவை மட்டும் பார்த்துத் திரும்ப வேண்டியதில்லை. பாரிஸில் அவரிடம் வேலை பார்த்த இந்தியக் கட்டடக் கலைஞர் பி.வி. தோஷி, அவருடைய கட்டடங்களை மேற்பார்வையிட இங்கே வந்தார். பிறகு ஐ.ஐ.எம். வளாகத்துக்கு அமெரிக்கக் கட்டடக் கலைஞர் லூயி கானை வரவழைத்ததிலும் அவருக்குப் பங்கு உண்டு. தோஷிக்கே 2018-இல் கட்டடக் கலையின் உயரிய பிரிட்ஸ்கர் விருது கிடைத்தது. ஆக, குருவும் சீடரும் விருந்தாளியும் ஒரே ஊரில்.

ஆசிரமச் சாலையில் இருக்கும் கொர்பூசியேயின் மில் முதலாளிகள் சங்கக் கட்டடத்துக்கு (ஆத்மா ஹவுஸ்) மாலையில் போக வேண்டும். மேற்கு முகப்பில் சாய்வாக நிற்கும் கான்கிரீட் வெயில் தடுப்புகளில் நிழல் நிமிடத்துக்கு நிமிடம் மாறும். தெருவிலிருந்து மேலேறும் சாய்தளத்தில் யாராவது நடந்து வந்தால் கட்டடம் எவ்வளவு பெரிது என்பதும் படத்தில் தெரிந்துவிடும். தோஷியின் ‘சங்கத்’ அலுவலகம் நேரெதிர்ச் சிக்கல். பாதி மண்ணுக்குள் புதைந்த வளைகூரைகள் முழுக்க வெள்ளைப் பீங்கான் சில்லுகள். உச்சி வெயிலில் எடுத்தால் வெளுத்துப்போய் விவரம் எதுவும் மிஞ்சாது. மேகமூட்டமோ அதிகாலையோ நல்லது. சாபர்மதி ஆசிரமத்தில் சார்லஸ் கொரியா கட்டிய காந்தி அருங்காட்சியகம் (1963) அடக்கமானது. வைட் ஆங்கிள் தேவையில்லை, 50 எம்எம் போதும்.

ஐ.ஐ.எம். பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். செங்கல் சுவர், அதில் பெரிய வட்டத் திறப்புகள், வளைவுகளை இழுத்துப் பிடிக்கும் கான்கிரீட் பட்டைகள். வெளியே கண் கூசும் வெயில், உள்ளே கும்மிருட்டு. கேமரா இரண்டையும் ஒரே ஷாட்டில் பிடிக்கத் திணறும், நிழலை நிழலாகவே விட்டுவிடுவதுதான் கானுக்கு மரியாதை என்பேன்.

வெயில் காலத்தில் அகமதாபாத் வேண்டாம், 40 டிகிரியைத் தாண்டிவிடும். சண்டிகருக்கு டிசம்பர், ஜனவரி மூடுபனி எதிரி. நவம்பர் இரண்டுக்கும் பொருந்தும்.

என் ஓட்டு அகமதாபாதுக்கு விழ இன்னொரு காரணமும் உண்டு. கான் கட்டிய மாணவர் விடுதிகளில் பலவற்றை இடிக்கப்போவதாக 2020 கடைசியில் அறிவிப்பு வந்து, உலகெங்கும் எதிர்ப்புக் கிளம்பியதும் கைவிடப்பட்டது. 2022-இல் பழைய கட்டடங்களை மாற்றும் பேச்சு மறுபடி எழுந்தது. கேபிடல் வளாகத்துக்கு இருக்கும் யுனெஸ்கோ பாதுகாப்பு இந்த விடுதிகளுக்கு இல்லை. அதனால் டிக்கெட் போடும் முன்பே ஐ.ஐ.எம்.முக்கு அனுமதி கேட்டு எழுதிவிடுங்கள், பதில் வந்த பிறகு மற்றதைத் திட்டமிடலாம்.