வேகன் ஆரின் 52 குதிரைவலு: சில வருட ஓட்டத்துக்குப் பிறகு

யாழ்ப்பாணத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு வேகன் ஆரில்தான் விழவேண்டும், அவ்வளவுக்கு இந்த 660 சிசி யப்பான் கார் பெருகிவிட்டது. நானும் சில வருடமாக ஒன்று வைத்திருக்கிறேன், எஞ்சினுக்குக் கைகொடுக்க, பெல்ற்றில் ஓடும் சின்ன மின்மோட்டர் உள்ள மொடல். பெற்றோல் கணக்கு எல்லாரும் எழுதியாச்சு, நான் வலுவைப் பற்றி எழுதுகிறேன்.

கட்டலொக்கில் இருப்பது 38 கிலோவாற்று, அதாவது 52 பீஎஸ் (மெற்றிக் குதிரைவலு), அதுவும் 6500 ஆர்பிஎம்மில், அதாவது எஞ்சின் நிமிசத்துக்கு 6500 தரம் சுற்றும்போது. விற்றவர் மோட்டரின் 2.2 பீஎஸ்ஸையும் சேர்த்து "54 எச்பி அண்ணை" என்றார். அப்படிக் கூட்டேலாது. மோட்டர் கைகொடுப்பது தாழ்ந்த ஆர்பிஎம்மில், எஞ்சினின் 52 வருவதோ உச்சத்தில். போதாக்குறைக்கு பீஎஸ் என்பது 735.5 வாற்று, எச்பி 745.7 வாற்று, ஆக இது 51 எச்பி சொச்சம்தான்.

எஞ்சினைத் தனியாக டைனமோமீற்றர் என்ற வலு அளக்கும் கருவியில் பூட்டி, சுமை கொடுத்து, முறுக்கத்தையும் (சுழற்றும் விசை, டோர்க்) ஆர்பிஎம்மையும் அளந்துதான் இந்த எண்ணைப் போடுகிறார்கள். 1972க்கு முன் அமெரிக்காவில் காற்று வடிகட்டி, சைலன்சர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டே அளந்தார்கள், அந்தக் காலக் கார்களின் எண்கள் ஊதிப்போய்க் கிடப்பது அதனால். இப்போதைய 'நெற்' முறையில் அவை பூட்டியிருக்கும், அந்த வகையில் 52 நேர்மையான எண். ஆனால் ஏசி கொம்பிரசர் இழுப்பதும் கியர்பொக்ஸ் தின்பதும் அதில் கழிபடாது. வெப்பத்தையும் 25 பாகைக்குத் திருத்தித்தான் எழுதுவார்கள். சித்திரை வெயிலில் ஏசி இல்லாமல் ஓடுபவர் எங்கள் ஊரில் யார்?

இனிக் கொஞ்சம் கணக்கு. இந்த எஞ்சினின் உச்ச முறுக்கம் 63 நியூட்டன் மீற்றர், 4000 ஆர்பிஎம்மில். முறுக்கத்தை ஆர்பிஎம்மால் பெருக்கி 9549ஆல் வகுத்தால் கிலோவாற்று வரும். 4000இல் 26 கிலோவாற்று, அதாவது 36 பீஎஸ். 2000இல் முழு முறுக்கமும் கிடைத்தால்கூட 18 பீஎஸ்தான். காரின் கணினியை வாசிக்கும் ஓபிடி கருவியைக் கொழுவிப் பார்த்தால் பலாலி வீதியில் 2000ஐத் தாண்டுவதே அரிது, அந்த 18இலேயே கார் சுகமாக ஓடுகிறது, ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஏ9இல் பஸ்ஸை முந்தும்போதுதான் எஞ்சின் கத்தும், அப்பவும் முந்திவிடலாம், இடைவெளி பார்த்துப் போகவேண்டும், அவ்வளவுதான்.

மலைநாடு வேறு கதை. கம்பளை தாண்டி, புசல்லாவை, ரம்பொடை என்று ஏறும்போது நாலு பேரும் சாமானும் ஏசியும் என்றால் கால் தரையோடு ஒட்டிவிடும். நுவரெலியா 1868 மீற்றர் உயரம், அங்கே காற்று கிட்டத்தட்ட ஆறில் ஒரு பங்கு ஐதாகிவிடும், ரேர்போ (காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும் பாகம்) இல்லாத எஞ்சினுக்கு 52 என்பது 43 அளவில் நிற்கும். நான் கம்பளையிலேயே ஏசியை நிற்பாட்டிக் கண்ணாடியைத் திறந்துவிடுவேன், எப்படியும் குளிர்தானே.

இன்னொன்று வாங்குவதென்றால் வேகன் ஆரிலேயே ரேர்போ பூட்டிய ஸ்ரிங்ரே மொடல்தான் எடுப்பேன். தாளில் பார்த்தால் 64 பீஎஸ், பன்னிரண்டு மட்டும் கூட, இதுக்கா இவ்வளவு காசு என்று தோன்றும். ஆனால் அதன் முறுக்கம் 95, அதுவும் 3000இலேயே வந்துவிடும். அந்த ஆர்பிஎம்மில் அதனிடம் 40 பீஎஸ் இருக்கும், என்னுடையதிடம் கூடினால் 27.