௸, ௵, ௴, ௳: விண்டோஸ் கேரக்டர் மேப் எவ்வளவு கைகொடுக்கிறது?

பழைய பத்திரங்களைத் தட்டச்சு செய்து தருபவர்களுக்கும், திருமண அழைப்பிதழ் வடிவமைப்பவர்களுக்கும், ஜாதகம் கணித்துக் கொடுப்பவர்களுக்கும் அடிக்கடி தேவைப்படும் சில குறிகள், பெரும்பாலோர் பயன்படுத்தும் தமிழ் விசைப்பலகைகளில் கண்ணில் படுவதே இல்லை. மேற்படி என்பதற்கு ௸, வருடத்துக்கு ௵, மாதத்துக்கு ௴, நாளுக்கு ௳, பற்றுக்கு ௶, வரவுக்கு ௷, ரூபாய்க்கு ௹, எண்ணுக்கு ௺ என்ற எட்டுக் குறிகளும் 2003-இல் வெளிவந்த யூனிகோடு (எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் பொதுத் தரம்) 4.0 பதிப்பிலேயே இடம்பெற்றுவிட்டன. தமிழ்99 என்னும் விசைப்பலகை அமைப்பில் ஷிஃப்ட் விசையோடு இவற்றுக்கு இடம் உண்டு. ஆனால் ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது ஆங்கில எழுத்துகளால் ஒலிப்படி, தட்டச்சு செய்யப் பழகியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த வசதி இருப்பதில்லை. அவர்களில் பலர் கடைசியில் வந்து சேர்வது, விண்டோஸுடன் இலவசமாகவே கிடைக்கும் கேரக்டர் மேப் என்னும் சிறு மென்பொருளிடம்தான். இந்த ஒரு வேலைக்கு அது எந்த அளவு பயன்படுகிறது என்பதை மட்டுமே இங்கே மதிப்பிடுகிறேன்.

முதலில் திறக்கும்போது ஏமாற்றம்தான். தேர்ந்தெடுத்துள்ள எழுத்துருவில் உள்ள எழுத்துகளை மட்டுமே அது காட்டும் என்பதால், ஏரியல் போன்ற எழுத்துரு தேர்வாகியிருந்தால் தமிழே தென்படாது. இதைப் பார்த்து, தமிழ்க் குறிகள் இதில் இல்லை என்று முடிவுகட்டி மூடிவிடுபவர்கள் உண்டு. எழுத்துருப் பட்டியலில் நிர்மலா யுஐ என்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே உள்ள அட்வான்ஸ்ட் வியூ கட்டத்தில் டிக் இட்டு, குரூப் பை என்ற இடத்தில் யூனிகோடு சப்ரேஞ்ச் என்று மாற்றி, தோன்றும் சிறு சாளரத்தில் தமிழைச் சொடுக்கினால், தமிழ்த் தொகுதி முழுவதும் ஒரே பார்வையில் விரிகிறது. எட்டுக் குறிகளும் தமிழ் எண்களுக்குப் பின்னால், தொகுதியின் கடைசியில் அடுத்தடுத்து நிற்கின்றன.

இதன் உண்மையான பலம் அடையாளம் காட்டுவதில் இருக்கிறது. ஒரு குறியைச் சொடுக்கியதும் அது பெரிதாகத் தெரிகிறது. சாளரத்தின் அடியில் அதன் குறியெண்ணும் ஆங்கிலப் பெயரும் வருகின்றன. இது சின்ன விஷயமல்ல. ௴ பார்வைக்கு மீ என்ற எழுத்தை நெருங்கியிருப்பதால், அதன் இடத்தில் மீ என்றே அடித்துவிடும் பழக்கம் ஏற்பட வாய்ப்புண்டு. அச்சில் அது ஓரளவு ஒப்பேறினாலும், கணினி அதை வேறோர் எழுத்தாகவே சேமிக்கும். பின்னாளில் அந்தக் கோப்பில் தேடுபவருக்கும், அதை வேறு எழுத்துருவுக்கு மாற்றுபவருக்கும் அது பிழையாகவே போய்ச் சேரும். "விசுவாவசு ௵ தை ௴ 10 ௳" என்ற ஒரு வரியைச் சரியான குறிகளோடு எழுதிவிட்டோம் என்ற உறுதியைத் தருவதில் கேரக்டர் மேப்புக்கு இணையாக, வீட்டுக் கணினியில் ஏற்கெனவே இருக்கும் வேறொன்றை என்னால் சொல்ல முடியவில்லை.

குறைகளும் உண்டு. பெயர் கொண்டு தேடும் பெட்டி ஆங்கிலப் பெயரை மட்டுமே ஏற்கிறது. மேற்படி என்றோ வருடம் என்றோ தமிழில் தேட வழியில்லை. தேர்ந்தெடுத்து நகலெடுத்த குறியை வேர்டில் ஒட்டும்போது எழுத்துருவும் கூடவே வந்துவிடுவதால், சுற்றியுள்ள வரியிலிருந்து அந்தக் குறி மட்டும் தடித்தோ மெலிந்தோ தனித்து நிற்கும். ஒட்டும் இடத்தில் கீப் டெக்ஸ்ட் ஒன்லி என்பதைத் தேர்ந்தெடுப்பது அவசியம். அப்போதும், ஆவணத்தின் எழுத்துருவில் அந்தக் குறி வரையப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் வெற்றுக் கட்டம் தெரியலாம். அச்சகத்துக்கு அனுப்பும் கோப்பை எழுத்துருவை உட்பொதித்த பிடிஎஃப் ஆக அனுப்புவதே பாதுகாப்பு. நோட்டோ சான்ஸ் தமிழ், நோட்டோ செரிஃப் தமிழ் ஆகிய இலவச எழுத்துருக்களில் இக்குறிகள் உள்ளன.

எல்லாவற்றையும் விடப் பெரிய குறை வேகம். ஒரு பத்திரத்தில் "௸ சொத்து", "௸யார்" என்று பக்கத்துக்குப் பத்து இடங்களில் வரும்போது, ஒவ்வொரு முறையும் இச்சாளரத்துக்குப் போய்வருவது நடைமுறைக்கு ஒவ்வாது. எனவே குறியைக் கண்டறியக் கேரக்டர் மேப், அன்றாட உள்ளீட்டுக்கு வேறு வழி என்று பிரித்துக்கொள்வதையே பரிந்துரைப்பேன். வேர்டில் இன்சர்ட் பட்டியலின் சிம்பல் சாளரத்தில் அதே நிர்மலா யுஐ எழுத்துருவின் ௸ குறியைத் தேர்ந்தெடுத்து, ஷார்ட்கட் கீ பொத்தான் வழியாக ஒரு விசைக் கூட்டை ஒதுக்கிவிட்டால், பிறகு எந்தச் சாளரமும் தேவைப்படாது. குறியெண் நினைவில் இருப்பவர்கள் சுழியம், பி, எஃப், 8 என்று அடித்து உடனே ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தினாலும் ௸ தோன்றும். இணையப் பக்கம் எழுதுபவர்களுக்கு ௸ என்பதே போதும்; ௳ தொடங்கி ௺ வரை எட்டுக் குறிகளுக்கும் 3059 முதல் 3066 வரையிலான எண்கள் வரிசையாக அமைந்திருப்பது நல்ல வசதி. ஐபோனில் டெக்ஸ்ட் ரீப்ளேஸ்மென்ட் பகுதியிலும், ஆண்ட்ராய்டின் ஜிபோர்டில் தனிப்பட்ட அகராதியிலும் ஒருமுறை ஒட்டிச் சுருக்கம் கொடுத்துவைத்தால் கைப்பேசியிலும் இக்குறிகள் கைக்கு வந்துவிடும்.

பத்திர எழுத்தர்கள் ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கோப்பில் "மேற்படி" என்று தேடினால் ௸ உள்ள இடங்கள் சிக்காது. ஆகவே ஓர் ஆவணத்தில் சொல்லையும் குறியையும் கலந்து எழுதாமல், தொடக்கம் முதல் இறுதி வரை ஏதேனும் ஒன்றையே பயன்படுத்துவது நல்லது. பழைய மூலப் பத்திரத்தைப் படியெடுக்கும்போது, மூலத்தில் குறி இருந்தால் குறியையே இடுங்கள்.