ஆங்கிலக் கதையில் ‘செட்’டா ‘செஸ்’ஸா: சிம்மக்கல் பக்கம் ஒரு திருத்தும் சேவை

மதுரை சிம்மக்கல் பக்கம் ஒரு டி.டி.பி. கடையில் ஆங்கிலக் கதைகளைத் திருத்தியும் தருகிறார்கள். பிரிண்ட் எடுத்துப் பென்சிலில் திருத்துபவர் ஒருவர், அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுபவர் இன்னொருவர். 12 பக்கக் கதை ஒன்று அங்கே போய் வந்ததை வரிவரியாக ஒப்பிட்டுப் பார்த்ததில், பேச்சை ஒட்டி வரும் ‘ஹி செட்’ (he said) போன்ற துண்டுகளின் காலத்தைப் பற்றி மட்டும் இங்கே.

பென்சில் வேலை அருமை. கதை ‘வாக்ட்’, ‘ஓப்பண்ட்’ என்று போனால் ‘செட்’. ‘வாக்ஸ்’, ‘ஓப்பன்ஸ்’ என்று போனால் ‘செஸ்’ (says). மேற்கோள் குறிக்குள் இருக்கும் பேச்சின் காலம் இதற்குக் கட்டுப்படாது. “ஐ ஆம் ஹங்ரி,” ஹி செட் என்பதில் பசி நிகழ்காலம், சொன்னது இறந்தகாலம், இரண்டும் சரி. தமிழ்க் கதையில் ‘என்றான்’, ‘என்கிறான்’ கலந்து வந்தாலும் காது பொறுத்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் கைதவறியதாகவே தெரியும். அப்படிக் கலந்திருந்த இடம் ஒன்றையும் அவர் விடவில்லை. ‘ஷி ஸ்மைல்ட்’ என்பதற்கு முன்னால் இருந்த கமாவையும் முற்றுப்புள்ளி ஆக்கியிருக்கிறார். சிரிப்பு தனிச் செயல், சிரிப்பால் வசனம் பேச முடியாது.

இன்னும் நல்ல திருத்தம் ஒன்று. மதுரையில் ‘நாளைக்கு வாரோம்னாய்ங்க’ என்போம்; சொன்னவர்களின் வாய்வார்த்தை அப்படியே உள்ளே நிற்கும். அதே அச்சில் ‘தே செட் தட் வி ஆர் கமிங் டுமாரோ’ என்று எழுதினால், கதை சொல்பவரும் கூட வருகிறார் என்று அர்த்தம் மாறிவிடும். ‘தே செட் தே வுட் கம் த நெக்ஸ்ட் டே’ என்று மாற்றி, ஓரத்தில் காரணத்தையும் எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளுக்கு இந்த ஒரு குறிப்புக்கே காசு தகும்.

கெட்டது ஏற்றும் இடத்தில். ‘செஸ்’ எல்லாவற்றையும் ‘ரீப்ளேஸ் ஆல்’ போட்டு ‘செட்’ ஆக்கிவிட்டார்கள். பெரியார் பஸ் நிலையம் போகும் பஸ் எதிரே நிற்கும்போது ஒருவன் சொல்கிறான்: “த போர்டு செஸ் பெரியார்.” அது “த போர்டு செட் பெரியார்” ஆகிவிட்டது. போர்டை யாரோ மாற்றிவிட்டது போலப் படிக்கிறது. பென்சில் அந்த வரியைத் தொடவே இல்லை. வேர்டில் கன்ட்ரோல்-எச் திறந்து, ‘ஃபைண்ட் ஹோல் வேர்ட்ஸ் ஒன்லி’யை டிக் செய்து, ‘ஃபைண்ட் நெக்ஸ்ட்’ தட்டி ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டிய வேலை இது. மேற்கோளுக்குள் இருந்தால் தாண்டிவிட வேண்டும். ‘ஆஸ்க்ஸ்’, ‘ரிப்ளைஸ்’ இரண்டையும் தனியாகத் தேட வேண்டும். தேடாததால் அவை நிகழ்காலத்திலேயே கிடக்கின்றன.

பென்சிலும் சறுக்கிய இடம், பின்கதை, அதாவது ஃப்ளாஷ்பேக். ஒரு பக்கம் முழுக்க ‘ஹேட் செட்’ (had said), ‘ஹேட் செட்’ என்று விட்டிருக்கிறார். முதல் ஒன்றிரண்டு இடத்தில் ‘ஹேட்’ வந்தால் காலம் பின்னுக்குப் போய்விட்டது புரிந்துவிடும். பிறகு வெறும் ‘செட்’ போதும். நடப்புக்குத் திரும்பும் வரியில் ‘நவ்’ மாதிரி ஒரு அடையாளம் இருந்தால் சரி.

ஆனாலும் கதையை அங்கே தாராளமாகக் கொடுக்கலாம். முதல் பக்கத்தின் தலையில் ‘கதை இறந்தகாலம்’ அல்லது ‘நிகழ்காலம்’ என்று எழுதிக் கொடுங்கள். திரும்ப வாங்கும்போது பென்சில் பிரதியையும் கேட்டு வாங்குங்கள், ஃபைலை, மாற்றிய இடமெல்லாம் தெரியும்படி ‘டிராக் சேஞ்சஸ்’ போட்டுத் தரச் சொல்லுங்கள்.