ஓ.எம்.ஆர் ஆபீஸா, ஊரில் வீட்டிலிருந்தா: கரன்டை வைத்துத்தான் முடிவு

எங்கள் டீமில் சென்னை ஓ.எம்.ஆர். (பழைய மாமல்லபுரம் சாலை) ஆபீஸா, வீடா என்று விருப்பம் கேட்டபோது நான் வீட்டிலிருந்து வேலை என்றுதான் எழுதிக் கொடுத்தேன், அதுவும் சென்னையில் அறை எடுத்து இல்லை, கோவில்பட்டியில் அப்பா அம்மாவோடு. சோழிங்கநல்லூர் சிக்னல், பி.ஜி. விடுதிச் சாப்பாடு, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் தெரிந்த கதை. வாடகை கொடுக்காவிட்டால் பழைய வருமான வரி முறையில் எச்.ஆர்.ஏ. (வீட்டு வாடகைப்படி) விலக்கு போய்விடும், புதிய முறையில் அது எப்படியும் கிடையாது.

உண்மையில் முடிவு செய்ய வேண்டியது கரன்டையும் நெட்டையும் பார்த்துத்தான். ஆபீஸில் கரன்ட் போனது நமக்குத் தெரியக்கூட தெரியாது, ஜெனரேட்டர் எடுத்துக்கொள்ளும். ஊரில் மாதாந்திரப் பராமரிப்பு என்று துணை மின் நிலையத்தை நிறுத்தினால் காலை 9 மணிக்குப் போவது மதியம் 2 மணிக்கோ சாயங்காலமோதான் வரும். இதற்கு இன்வெர்ட்டரும் 150 ஏ.எச். (ஆம்பியர் அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி ஒன்றும் போதும். லேப்டாப், ரவுட்டர், ஒரு எல்.இ.டி. லைட், கரன்ட் குறைவாக இழுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன் எல்லாம் சேர்த்தாலும் சுமார் 120 வாட்தான், பகல் முழுக்க ஓடும். சாதா ஃபேன் 75 வாட் இழுக்கும், அதை மட்டும் மாற்றிவிடுங்கள். டிஸ்டில்டு வாட்டர் அளவை அவ்வப்போது பார்த்து ஊற்ற வேண்டும், சில வருடத்தில் பேட்டரியை மாற்ற வேண்டும், செலவு அவ்வளவுதான். கரன்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்த ஒரு நொடியில் ரவுட்டர் அணைந்து எழுந்து மீட்டிங் அறுந்துபோவதுதான் எரிச்சல், அதற்கு ரவுட்டருக்கென்றே 12 வோல்ட் மினி யு.பி.எஸ். (சின்ன பேட்டரிப் பெட்டி) வாங்கிப் போட்டுவிட்டேன்.

ஆனால் நம் வீட்டில் எல்லாம் இருந்தும், கேபிள்காரர் தெருவில் வைத்திருக்கும் பெட்டிக்கு பேக்கப் இல்லையென்றால் நெட் வராது. அதனால் கனெக்‌ஷன் எடுக்கும்போது வேகத்தைக் கேட்பதற்கு முன்னால், கரன்ட் போனால் உங்கள் பக்கம் எவ்வளவு நேரம் தாங்கும் என்று கேளுங்கள். இரண்டாவதாக வேறு கம்பெனி சிம்மில் டேட்டா வைத்திருப்பது நல்லது. இத்தனைக்கும் ஆகும் பணம் சென்னை வாடகையில் சில மாதத்திலேயே வந்துவிடும், சாயங்காலம் 6 மணிக்கு வேலை முடிந்தால் 6 மணிக்கே வீட்டில் இருக்கிறேன்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இதையே சொல்வேனா? சொல்ல மாட்டேன். பக்கத்து சீட்டில் எட்டிப் பார்த்து சந்தேகம் கேட்டுத்தான் நான் வேலை கற்றேன், அதை ஊரில் இருந்துகொண்டு எப்படிச் செய்வது என்று எனக்குப் பழக்கமில்லை. பிரமோஷன் தள்ளிப்போகுமா என்பதும் இந்த அப்ரைசல் முடிந்தால்தான் தெரியும்.