பீ பஃபரா, ஃபிகர் எய்ட்டா, கிரீன் ஸ்பாட்டடா?

மூன்றுமே பஃபர், அதாவது பயந்தால் உடம்பைப் பந்தாக ஊதிக்கொள்ளும் மீன். கடைத் தொட்டியில் மூன்றும் குட்டியாகத்தான் இருக்கும். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சுழற்றி நம்மையே அளந்து பார்க்கும். அதில் மயங்கித்தான் பலரும் வாங்குகிறார்கள். ஆனால் பீ பஃபர் கடைசிவரை இரண்டரை செ.மீ. சொச்சம்தான், நன்னீர் போதும். ஃபிகர் எய்ட் எட்டு செ.மீ. வரை வரும், லேசான உப்பு கேட்கும். கிரீன் ஸ்பாட்டட் 15 செ.மீ., வயது ஏற ஏற உப்பையும் ஏற்ற வேண்டும். மீனின் அழகைப் பிறகு பார்க்கலாம். முதலில் கேட்க வேண்டியது, வாராவாரம் உப்பு அளந்து கலக்க உங்களால் முடியுமா என்பதுதான்.

முடியாது என்றால் கிரீன் ஸ்பாட்டடை அப்போதே விட்டுவிடுங்கள். இந்தியா, இலங்கை தொடங்கித் தென்கிழக்காசியா வரை கழிமுகங்களிலும் அலையாத்திக் காடுகளிலும் இருக்கிற மீன் இது. கடைகளில் நன்னீரில் விட்டுத்தான் விற்பார்கள். சில மாதம் நன்றாகவே இருக்கும், பிறகு நிறம் மங்கும், சோர்ந்துபோகும். வளர்ந்த ஒரு மீனுக்கு 150, 200 லிட்டர் தொட்டி, கடல்நீரை நெருங்கும் உப்பு, கூடவே எந்த மீனும் இல்லாத தனிமை, இத்தனையும் வேண்டும். பத்து வருஷம் வாழக்கூடியது. ஆளை அடையாளம் கண்டு சாப்பாடு கேட்கும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனாலும் முதல் பஃபராக இதை யாருக்கும் சொல்ல மாட்டேன்.

ஃபிகர் எய்ட் இடைப்பட்ட ஆள். முதுகில் எட்டு போட்ட மாதிரி மஞ்சள் கோடு, வால் பக்கம் வளையம் போட்ட கரும்புள்ளி. மூன்றில் அழகு இதுதான். ஒன்றுக்கு 60, 70 லிட்டர் போதும். உப்பு கலந்த தண்ணீரின் ஒப்படர்த்தியை (நன்னீர் என்றால் 1.000) 1.005 அளவில் வைத்தால் நிம்மதியாக இருக்கும், அதாவது லிட்டருக்கு ஏழெட்டு கிராம் மரைன் சால்ட் (கடல்மீன் தொட்டிக்கென்றே விற்கும் உப்பு). சமையல் உப்பு வேண்டாம். அளக்க ஒரு ஹைட்ரோமீட்டர் வாங்கிவிடுங்கள், கைக்கணக்கு இங்கே உதவாது. இதற்கும் கிரீன் ஸ்பாட்டடுக்கும் இன்னொரு வேலை உண்டு: பல் வளர்ந்துகொண்டே போகும். ஓட்டோடு நத்தை போடாவிட்டால் வாயைத் திறக்க முடியாத அளவுக்கு நீண்டு, மீனை மயக்கிப் பல்லை வெட்ட வேண்டிய நிலை வரும்.

பெரும்பாலான வீடுகளுக்கு என் ஓட்டு பீ பஃபருக்குத்தான். நம் பக்கத்து மீன் வேறு. கேரளத்தின் பம்பை ஆற்று மீனைக் கொண்டு 1941-இல் அறிவியல் பெயர் வைத்தார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளைத் தவிர வேறெங்கும் இயற்கையில் கிடையாது. தண்ணீர் 24 முதல் 28 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும் என்பதால் நம் ஊரில் பல மாதங்களுக்கு ஹீட்டரே தேவைப்படாது. ஒன்று மட்டும் என்றால் 20 லிட்டர். கூட்டமாக வேண்டுமென்றால் 60, 70 லிட்டரில் ஆறு, அதில் ஆண் குறைவாக இருக்கட்டும். வயிற்றின் நடுவில் கருங்கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கமும் தெரிந்தால் ஆண். ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி ஜாவா மாஸ் என்கிற பாசி, செடி, வேர்க்கட்டை என்று அடைத்து வையுங்கள். சின்ன மீன்தானே என்று கப்பியோடு விட்டால் ஒரு வாரத்தில் கப்பியின் வால் கந்தலாகிவிடும்.

இதன் தொல்லை சாப்பாடு. பெல்லட்டை, அதாவது கடையில் விற்கும் உலர்ந்த உருண்டைத் தீனியைத் திரும்பிக்கூடப் பார்க்காது. உறைந்த பிளட் வார்ம் (சிவப்புப் புழு), டாஃப்னியா (நீரில் வாழும் பொடி உயிரி), அப்புறம் நத்தை, இவைதான் வேண்டும். பால்கனியில் ஒரு பழைய பக்கெட்டில் ராம்ஸ்ஹார்ன் நத்தையை விட்டு, வெந்த கீரை இரண்டு இலை போட்டுவந்தால் அதுவே பெருகிக்கொள்ளும். ஒரு நத்தையைத் தொட்டிக்குள் போட்டுப் பாருங்கள். பஃபர் வாலைச் சுருட்டி அந்தரத்தில் நிற்கும். நத்தை கொம்பை வெளியே நீட்டும்வரை அசையாது. நீட்டிய நொடி ஒரே கடி.

வாங்கும்போது வயிற்றைப் பாருங்கள். கடைக்கு வருவதில் நிறைய ஆற்றில் பிடித்தவை, குடற்புழுவோடு வரும். வயிறு ஒட்டி, தலை மட்டும் பெரிதாகத் தெரிவதை எடுக்க வேண்டாம். ஐ.யு.சி.என். (பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) பட்டியலில் பீ பஃபர் அழிவாய்ப்பு உள்ள இனம். யாராவது வீட்டில் பொரிக்கவைத்த குஞ்சு கிடைத்தால் கூடுதல் காசு கொடுத்தாவது அதையே வாங்குங்கள்.

எதை வாங்கினாலும் வலையில் தூக்கச் சொல்லாதீர்கள். தண்ணீருக்கு வெளியே பயந்து ஊதினால் உள்ளே போவது காற்று, அதை வெளியேற்ற முடியாமல் சில மீன்கள் மிதந்தே செத்துப்போகும். ஒரு டம்ளரைத் தொட்டிக்குள் முக்கி, தண்ணீரோடு சேர்த்து மொண்டு எடுத்தால் போதும்.