செப்புத்தகடா, உருக்குத்தகடா: திருமலை அலுமாரிக்கு எந்த உருவப்படப் புத்தகம்?

வரலாற்று மாந்தரின் உருவங்களைத் தகட்டில் செதுக்கி அச்சிட்ட பழைய புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்குபவர் முதலில் இரண்டில் ஒன்றைத் தீர்மானிக்க வேண்டும். ஒரு பக்கம் செப்புத்தகட்டுப் பெரும் புத்தகம். தோமஸ் பேர்ச்சின் வரலாற்றுக் குறிப்புகளோடு 1743 – 1752 காலத்தில் இலண்டனில் வெளியான, ஹூப்ராக்கனும் வெர்ட்டுவும் செதுக்கிய 108 படங்களின் தொகுப்பு அதற்கு மாதிரி. மறு பக்கம் உருக்குத்தகட்டுச் சிறுபதிப்பு. எட்மண்ட் லொட்ஜின் 240 உருவப்படங்களை ஹென்றி போனின் (Bohn) பதிப்பகம் 1849 – 50இல் எட்டுத் தொகுதிகளாக்கியது.

செம்பு மென்மையான உலோகம். சில நூறு பிரதிகள் எடுத்ததுமே நுண்கோடுகள் தேயும். அதனால் ஒரே புத்தகத்தின் இரு பிரதிகளுக்கிடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இருக்கலாம். முகத்தைப் பார்த்து ஏமாறாமல் தலைமுடியின் நிழலையும் பின்புலத்தையும் பாருங்கள். அங்கே சாம்பல் பூத்திருந்தால் தேய்ந்த தகடு. கோடு முரடாகக் கறுத்திருந்தால் திருப்பிச் செதுக்கிய தகடு. உருக்கு ஆயிரக்கணக்கான பிரதிகளைத் தாங்கும், ஆகவே அங்கே 'முதல் பிரதி' என்று கூடுதல் விலை கேட்டால் கொடுக்க வேண்டாம்.

முகச்சாயலின் நம்பகத்தில் லொட்ஜ்தான் மேல். எந்த மாளிகையின், எந்தச் சேகரிப்பின் ஓவியத்திலிருந்து எடுத்தது என்று அவர் சொல்லிவிடுகிறார். ஹூப்ராக்கனோ அனுப்பிய படத்தை விசாரிக்காமல் செதுக்கினார் என்று 18ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் ஹொரஸ் வால்போல் குறைபட்டார். 17ஆம் நூற்றாண்டு அரசியலாளர் தர்லோவின் படமும் சமர்செட் பிரபுவின் படமும் அவர்களுடையவையே அல்ல என்பது அவர் குற்றச்சாட்டு. ஆனாலும் செதுக்கலின் அழகில் ஹூப்ராக்கனுக்குக் கிட்ட நிற்க லொட்ஜின் சிறுபதிப்பால் முடியாது.

திருமலையில், அதாவது திருகோணமலையில், தீர்ப்பைச் சொல்வது கடதாசிதான். 18ஆம் நூற்றாண்டுக் கடதாசி கந்தல் துணியில் கையால் செய்தது. வெளிச்சத்துக்குப் பிடித்தால் நெருங்கிய வரிகளும், அவற்றைக் குறுக்கே வெட்டும் அகன்ற வரிகளும் பெரும்பாலும் தெரியும். உருக்குப் படங்களுக்கோ, மை ஏறுவதற்காகப் பசை குறைந்த, தடித்த, பஞ்சுபோன்ற தாளைப் போட்டார்கள். ஐப்பசி தொடங்கித் தை வரை மாரி ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும். எழுத்துப் பக்கம் வெள்ளையாக இருக்க, படப் பக்கம் மட்டும் பழுப்புப் புள்ளி பூப்பது இதனால்தான். செப்புப் புத்தகத்திலும் புள்ளி வரும், ஆனால் தாள் உறுதி குலையாது. துணி அட்டையின் மாப்பசையை இராமபாணப் பூச்சியும் கரப்பானும் தேடி வரும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

செப்புப் பக்கத்தின் பெரிய ஆபத்து வேறு. உருவப்படங்களைப் பட்டியலிட்ட ஜேம்ஸ் கிரேஞ்சரின் இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூல் 1769இல் வந்தபின், புத்தகங்களிலிருந்து உருவப்படங்களை வெட்டி வேறு புத்தகத்தில் செருகும் வழக்கம் பரவியது. காசு கொடுக்குமுன் பட்டியலோடு படங்களை ஒவ்வொன்றாக எண்ணுங்கள். தையலோரத்தில் வெட்டிய அடிக்கட்டை நிற்கிறதா என்று விரலால் தடவுங்கள். கொட்டியாரக் குடாவில் 1660இல் பிடிபட்ட ஆங்கிலேய மாலுமி ரொபட் நொக்ஸ் இலங்கையைப் பற்றி எழுதிய 1681ஆம் ஆண்டுப் புத்தகத்தை இங்கே விரும்பாதவர் இல்லை. அதில் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் உருவப்படம் இல்லாவிட்டால் முழு விலை பேசவே கூடாது.

பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் புள்ளிகள் கட்டம் கட்டினாற்போல் ஒழுங்காக நின்றால் அது செதுக்கல் அல்ல, பிற்கால இயந்திர அச்சு.

குளிரூட்டி இல்லாத வீட்டுக்கு, எட்டு உருக்குத் தொகுதிகளைவிட நல்ல அச்சுள்ள ஒரு செப்புப் புத்தகத்தையே பரிந்துரைப்போம். பெரிய புத்தகத்தைப் படுக்கவைத்து, வெளிச்சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். ஈரப்பதமானி 65 வீதத்தைத் தாண்டினால் பூஞ்சணம் பிடிக்கும். 50க்கும் 55க்கும் இடையே நிறுத்த சிலிக்கா ஜெல் வேண்டும். பூச்சி விழுந்த துணி அட்டைப் புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றுப் போகாமல் மூடி, மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள்; அவசரப்பட்டால் குளிர்ந்த தாளில் நீர் முத்துக்கோர்த்து, பூச்சி செய்யாத சேதத்தை ஈரம் செய்துவிடும்.